பழைய கேபிளை மாட்டிவிடாதீர்கள்

எழுந்ததும் முதலில் இதைப் படியுங்கள், கம்ப்யூட்டர் பக்கம் பிறகு போகலாம்.

சாப்பாடு மேசைமேல் மூடியிருக்கிறது. மதியம் கொரியர்காரர் வருவார். காலிங்பெல் பழுது, கதவைத்தான் தட்டுவார். கொண்டுவருவது எழுநூற்றைம்பது வாட் பவர் சப்ளை. ஆமாம், நான் சொன்னதையேதான் வாங்கினேன்.

“இருக்கிற ஐந்நூத்தம்பதே தாராளம்டி, புது கிராபிக்ஸ் கார்டு என்ன யானையா?” என்று நேற்றுக் கேட்டீர்கள். யானைதான். வேலை சூடுபிடித்தால் ஒரே நொடியில் இரண்டு மடங்கு மின்சாரம் இழுக்கும், பழைய பவர் சப்ளைப் பெட்டி பாதியில் அணைந்துவிடும். ஆனால் நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டது வாட்டுக்காக இல்லை. அந்தக் கம்ப்யூட்டர்முன் நாள் முழுக்க உட்கார்ந்து கட்டடங்களை வரைகிறவள் நான். என்னைக் கேட்காமலே ‘தாராளம்’ என்றீர்களே, அதுதான் சுருக்கென்றது.

நீங்களே பொருத்துங்கள், உங்களுக்குத்தான் கை நிதானம். ஒன்று மட்டும். போன வருடம் நீங்கள் சடை பின்னுவதுபோல் அழகாகக் கட்டிவைத்த கேபிள்களைப் பிரிக்க மனம் வராது. பெட்டியை மட்டும் மாற்றத் தோன்றும். வேண்டாம். முனை பொருந்தும், உள்ளே கம்பி வரிசை வேறு. கார்டு கருகிவிடும். புதுப் பெட்டியோடு வருவதையே மாட்டுங்கள். மறுபடியும் பின்னுங்கள், ரசிக்க நான் இருக்கிறேன்.

பி.கு. புதுக் கார்டு ஓடுவதைப் பார்க்கும் ஆசையில் ராத்திரி தூக்கமே வரவில்லை, சின்னப்பிள்ளை மாதிரி.

இன்னொன்று: முதல்முறை சுவிட்சைப் போடுவதை எனக்கு விட்டுவையுங்கள், சாயங்காலம் ஓடிவந்துவிடுவேன். புதுப் பெட்டியும் அணைந்துபோனால் “நான் அப்பவே சொன்னேன்ல” என்று தாராளமாகச் சொல்லுங்கள். அணையாவிட்டால் நான் சொல்லமாட்டேன். முயற்சி செய்கிறேன்.