பின் மூலையின் ஆழம்

ஜனவரி 9

மச்சானுக்கு,

பாப்பா நல்லா இருக்கா. நானும் இருக்கேன்.

போன்ல பேசிக்கலாம்னு சொல்லி அனுப்பியிருந்தீங்க. பேசினா நாளைக்கு "நான் எங்க அப்படிச் சொன்னேன்"னு கேப்பீங்க. எழுத்துலயே இருக்கட்டும்.

நீங்க கட்டிக் குடுத்து ஒரு வருஷம்கூட ஆகாத வீட்டோட பின் மூலை கீழ இறங்குது. பாப்பா படுக்கிற ரூம். ஜன்னலோரத்துலேருந்து கூரை வரைக்கும் படிக்கட்டு மாதிரி விரிசல். கதவைச் சாத்தினா தானாத் திறந்துக்குது. உங்க தங்கச்சி போன நாலாம் நாள், துக்கம் கேக்க ஆள் வருவாங்கன்னு இதே விரிசலுக்குப் பட்டி பார்த்து பெயின்ட் அடிச்சீங்களே, அதையும் பிளந்துக்கிட்டு வந்தாச்சு. கலர் மட்டும் அப்படியே பொருந்தியிருந்துச்சு. அந்தத் திறமையை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஒரே கேள்வி. அந்த மூலையில அஸ்திவாரம் எத்தனை அடி ஆழம்? பிளான்ல நான் போட்டது அஞ்சு. ஆஸ்பத்திரியில அவளை விட்டு என்னால நகர முடியாம உங்களை நம்பினேன். நீங்க எத்தனை தோண்டினீங்க? இப்ப நானே பக்கத்துல தோண்டிப் பார்த்தா, இருக்கிற பிடிமானமும் போயிடும்.

விரிசலுக்குக் குறுக்க ஒரு கண்ணாடித் துண்டு ஒட்டியிருக்கேன். சுவர் அசைஞ்சா உடையும். உடைஞ்சா அந்த ரூம்ல யாரும் படுக்கக் கூடாதுன்னு அர்த்தம்.

மாப்பிள்ளை

ஜனவரி 16

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீங்களும் பாப்பாவும் நல்லா இருக்கணும். வேளைக்குச் சாப்பிடுறீங்களா? என் வீட்டுக்காரி தினம் உங்களை நினைச்சுப் புலம்புறா. அவளுக்கு மறுபடியும் முட்டி வலி.

புது வீடுன்னா கொஞ்சம் உட்காரத்தான் செய்யும் மாப்பிள்ளை. புதுச் செருப்பே நாலு நாள் கடிக்குது, இது வீடு. இருவது வருஷமாக் கட்டுறேன், ஒண்ணாவது விழுந்துச்சா? நீங்க படிச்சவர். தனியா உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கிட்டு இருந்தா மயிர்க்கோடுகூட கிணறு மாதிரித்தான் தெரியும். பாப்பாவைக் கொஞ்ச நாள் இங்க விடுங்க.

ஞாயித்துக்கிழமை நேர்ல வந்து பார்க்கிறேன். மனசைத் தளர விடாதீங்க.

என்றும் உங்க
மச்சான்

ஜனவரி 27

மச்சானுக்கு,

முட்டி வலி எழுதினீங்க, செருப்பு எழுதினீங்க. ஆழம் எழுதல.

கண்ணாடி நீங்க வர்றதுக்கு முந்தின நாளே உடைஞ்சிருச்சு. பாப்பாவை முன் ரூமுக்கு மாத்திட்டு, உங்ககிட்ட காட்டறதுக்காக அதை அப்படியே விட்டு வச்சேன். நான் பால் வாங்கிட்டு வர்றதுக்குள்ள வேற கண்ணாடியை ஒட்டிட்டு, "பார்த்தீங்களா மாப்பிள்ளை, ஒண்ணும் ஆகல"ன்னு சொல்லிக் காபி குடிச்சீங்க. ரெண்டாவது டம்ளரும் கேட்டு வாங்கினீங்க.

என் கண்ணாடியோட மூலையில ஆணியால ஒரு கீறல் போட்டிருந்தேன். உங்களுது பளிங்கு மாதிரி இருக்கு. அளவு பார்த்து, வெட்டி, கார்ல போட்டு எடுத்துட்டு வந்திருக்கீங்க. அஸ்திவாரத்துக்கு இந்த அக்கறை இருந்திருந்தா எனக்கு இந்தக் கடிதம் எழுதற வேலையே மிச்சம்.

அப்புறம், "அப்பாகிட்ட சொல்லாத"ன்னு பாப்பாவுக்கு சாக்லேட் குடுத்தீங்களாம். முழுசாத் தின்னு முடிச்சிட்டு வந்துதான் சொன்னா. அவ அம்மா மாதிரி.

எத்தனை அடி?

மாப்பிள்ளை

பிப்ரவரி 3

மாப்பிள்ளைக்கு,

மூணு அடி. அதுவும் முழுசா இல்ல.

அந்த மூலை பூராவும் கொட்டின மண்ணு. தோண்டத் தோண்டத் தண்ணி. மோட்டார் வச்சு இறைச்சு, கெட்டி மண் வர்ற வரைக்கும் போகணும்னா இன்னும் ஒரு மாசம் இழுக்கும். தங்கச்சி தினம் போன் பண்ணுவா. "அண்ணா, நான் நம்ம வீட்டுலதான் படுப்பேன், வாடகை வீட்டுல கிடக்க மாட்டேன். எப்ப முடியும்?" அந்தக் குரலைக் கேட்டுட்டு வந்து குழியில நின்னேன். கான்கிரீட்டைப் போடுங்கடான்னுட்டேன். வெளிய சொன்னா அவ மேல பழி போடற மாதிரி ஆயிடும்னுதான் வாயைத் திறக்கல.

பட்டி பார்த்தது ஊர் பார்க்கும்னு மட்டும் இல்ல. எல்லாரும் அழுதுக்கிட்டு இருந்தாங்க, எனக்கு வரல. கைக்கு ஏதாவது வேலை வேணும்போல இருந்துச்சு.

நானே ஆள் கூட்டிட்டு வந்து சரி பண்ணிக் குடுக்கிறேன். மன்னிச்சிடுங்க.

மச்சான்

பிப்ரவரி 8

பாப்பாவோட மாமாவுக்கு,

பதில் கிடைச்சுது. இதை எழுத ஒரு பேனாவும் ஒரு வரியும் போதும்னு இப்ப தெரியுதுல்ல?

அவளுக்காகத்தான் செஞ்சேன்னு இனிமே யார்கிட்டயும் சொல்லாதீங்க. அவ என்கிட்டயும் கேட்டா, எப்ப போறோம்னு. ஒழுங்கா முடிஞ்சப்புறம்தான்னு சொன்னேன். "உனக்கு நான் முக்கியமா, சிமென்ட் முக்கியமா?"ன்னு கேட்டுட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா. நாலு நாள் என்கூடப் பேசல. அவகிட்ட மிச்சம் இருந்ததே கொஞ்ச நாள். அதுல நாலை நான் இந்த அஸ்திவாரத்துக்குக் குடுத்தேன். அந்த நாலு நாளும் நீங்க அவ பக்கத்துல உட்கார்ந்து ஆரஞ்சு உரிச்சுக் குடுத்து நல்ல அண்ணனா இருந்துக்கிட்டீங்க. அவசரப்பட வேண்டாம்னு அவகிட்ட ஒரு தடவை சொல்ல உங்களுக்குத் தெம்பு இல்ல. அதுக்குப் பேர் பாசம் இல்ல.

அஞ்சாம் நாள் வந்து, "அஞ்சு அடியும் முடிஞ்சுதும்மா, இனி மடமடன்னு ஏறிடும்"னு சொன்னீங்க. அவ என்னைப் பார்த்து, ஜெயிச்சவ மாதிரி ஒரு சிரிப்பு சிரிச்சா. அவ முகம்னு கண்ணை மூடினா எனக்கு வர்றது அந்தச் சிரிப்புதான். அதுக்கு அடியிலயும் மூணு அடிதான் இருந்திருக்கு.

நாங்க ரெண்டு தெரு தள்ளி ஒரு வாடகை வீட்டுக்கு வந்துட்டோம். பின் மூலையை முட்டுக் குடுத்து நிறுத்தியாச்சு. அடியில தோண்டிக் கட்ட வேற ஆள் பேசியிருக்கேன். குழி தோண்டும்போது நான் பக்கத்துலயே நிப்பேன்.

மாமா எப்ப வரும்னு பாப்பா கேக்கிறா. வாங்க. சாக்லேட் கொண்டு வாங்க.

கொத்துக் கரண்டி கொண்டு வராதீங்க.

பாப்பாவோட அப்பா