குல்லாவாகிப் போன விரிப்பு

செஞ்சி, 9-8-64

புருஷன் வீட்டுக்குப் போனதும் தங்கையை மறந்துவிட்ட அக்காவுக்கு,

செந்தாமரை அனுப்பிய குல்லா குழந்தைக்குக் கச்சிதமாக இருக்கிறது, நீயும் அவளிடம் குரோஷா பின்னல் கற்றுக்கொள் என்று எழுதியிருந்தாய். அந்தக் கடிதத்தை நைனாவிடம்கூட நான் காட்டவில்லை.

ஒன்று தெரிந்துகொள். உன் உயிர்த்தோழி பின்ன நினைத்தது குல்லாவே இல்லை, உன் வீட்டு மேசைக்கு ஒரு வட்ட விரிப்பு. என்னிடம்தான் யோசனை கேட்டாள். விரிப்பு படிந்து கிடக்கச் சுற்றுக்குச் சுற்று நூல் கண்ணிகளின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். நான் வேண்டுமென்றே, "கூட்டாதக்கா, அப்பதான் நல்லா படியும்" என்றேன்.

நாலாம் நாள் அதைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "இன்னாடி இது, கிண்ணமாட்டம் தூக்கிக்குது?"

"கஞ்சி ஊத்திக் குடிக்கலாம்க்கா."

அவள் கோபப்படவே இல்லை. "கொழந்தைக்குக் குல்லா ஆவுமே" என்று சிரித்தாள், உனக்கு அனுப்பியும்விட்டாள்.

ஆக, உன் பிள்ளை தலையில் இருப்பது அவள் கைவேலை மட்டுமில்லை, என் பொறாமையும்தான்.

நானும் ஒரு குல்லா தொடங்கியிருக்கிறேன். நீ போனபோது அவன் தலை தேங்காய் அளவு. இப்போது எவ்வளவு என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு நூலால் அளந்து, அந்த நூலைக் கடிதத்துக்குள் வைத்து அனுப்பு. அவளுக்கு அனுப்பாதே.

இப்படிக்கு,
உன் பிள்ளையின் ஒரே சித்தி