வகுப்புக்கு முந்தைய ஒத்திகை

என் இல்லத் துணைவிக்கு, இறைவன் உன்னை நோயின்றிக் காக்க. முழங்கால் வலி தணிந்ததா?

அச்சகத்தில் நாள் முழுதும் குனிந்து பிழை திருத்தியதில் என் இடுப்பு இறுகிவிட்டது. கவலைப்படாதே. மருத்துவர் சொற்படி அடுத்த மாதம் உடற்பயிற்சி வகுப்பில் சேர்கிறேன். இளையோர் நடுவே தடுமாறக்கூடாதே என்று நேற்று அறையில் ஒத்திகை பார்த்தேன். சுவாமி படத்துக்கு எதிரே கைகளை நீட்டிக் குப்புறப் படுத்தவனால் எழ இயலவில்லை. உடன் தங்கியிருக்கும் சமையற்காரர் நெடுநேரம் பொறுத்துப் பார்த்தார்.

"ஐயா, கும்பிட்டது போதும். சாமிக்கே சலிச்சிருக்கும். சாப்பாடு ஆறுது."

"கும்பிடலப்பா. எந்திரிக்க முடியல."

அவர் சிரித்தபடி தூக்கிவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முழங்கால் வலிக்கு மருத்துவர் சொன்னார் என்று சென்ற ஆண்டு நீ கூடத்தில் காலை நீட்டி மடக்கியது நினைவுக்கு வந்தது. "அழியும் உடம்புக்கு இத்தனை உபசாரமா?" என்று சம்பந்தி வீட்டார் முன்னிலையில் கேட்டேன். நீ பாயைச் சுருட்டினாய். பயிற்சியும் அன்றோடு நின்றது. நான் ஓதிய திருப்பாடல்கள் எதிலும் அந்தச் சொல்லுக்கு மன்னிப்பில்லை. உன்னிடம்தான் கேட்கவேண்டும், கேட்கிறேன்.

என் தளர்வான கால்சட்டை இரண்டை அனுப்பு. தரையிலிருந்து எழும்போது எந்தக் கையை முதலில் ஊன்றுவாய் என்றும் எழுது. நீ எத்தனையோ நாள் தனியாக எழுந்திருக்கிறாய். நான் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

வேலைக்கு அழைக்கிறார்கள்.

தலைகுனிந்து,
உன் கணவன்