மணி மேட்டுக்குப் போகட்டும்

அன்பு மகள் மனிஷாவுக்கு,

ஆண்டவர் தயவில் மைசூர் விஜயநகர் வீட்டில் நாங்கள் மூவரும் சுகம். உன் சுகத்தைப் போனில் கேட்டால் "நல்லாத்தான்பா இருக்கேன்" என்று முடித்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். இங்கே காலையிலிருந்து தூறல், சத்தமே இல்லாமல் தெருவை நனைக்கிறது, உன் தம்பி ரோனி புத்தகத்தைத் திறந்துவைத்து ஜன்னலைப் படிக்கிறான். எனக்கு உன் இடுக்கி மலைதான் நினைப்பு. நேற்று மதியம் கண்ணயர்ந்தேன், கனவில் தேயிலைச் சரிவு முழுக்கப் பச்சைப் போர்வை மாதிரி மெல்ல நழுவுகிறது, படகில் போகிறவர்கள்போல் எல்லாரும் அதன்மேல் நின்று கையசைக்கிறீர்கள். விழித்ததும் என்மேலேயே எரிச்சல். மண் அப்படி மெதுவாக வராது, சிவில் படித்தவனுக்குக் கனவிலாவது அது தெரிய வேண்டாமா.

உங்கள் ஊர் மண்சரிவு ஒத்திகையில் நடந்தது இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. அந்தோணியார் கோயில் மணி விடாமல் அடித்தால் ஊரே பள்ளிக்கூட மேட்டுக்கு ஏற வேண்டும் என்று திட்டம் போட்டுக் கொடுத்தவன் நான். மணி அடித்ததும் எல்லாரும் முக்காடு போட்டுக்கொண்டு கோயிலுக்கே இறங்கிவிட்டார்கள். கோயில் நிற்பது ஓடை வாயில், சரிவு வந்தால் முதலில் அதுதான் போகும், அடுத்தது உன் குவார்ட்டர்ஸ். அதைப் போனில் சொல்லும்போது உனக்குச் சிரிப்பு. நான் கத்தினேன். உன் பக்கத்து வீட்டு மரியபுஷ்பம் அக்கா போனைப் பிடுங்கி, பொறந்ததுலேர்ந்து வா வான்னு கூப்புட்ட மணி, ஒரு நாளைக்கு மட்டும் போன்னு சொன்னா யாருக்கு தம்பி வெளங்கும், என்று கேட்டார். அப்படியானால் மணியை மேட்டில் மாட்டுங்கள், அங்கே வா என்று கூப்பிடட்டும் என்றேன். ஓடைக் குப்பையை ஊரே சேர்ந்து அள்ளியவர்கள், இதற்கு மட்டும் திருநாள் முடியட்டும் என்கிறார்களாம். மழை திருநாள் பார்த்தா வரும்? மேட்டில் அடித்தால் திருநாள் மணி பக்கத்து மலைக்கும் கேட்கும் என்று கோயில் கமிட்டியில் சொல். மணியை மாட்ட இரும்புச் சட்டம் வெல்டிங்கில் இருக்கிறது, சனிக்கிழமை நானே கொண்டுவருகிறேன். குழி தோண்ட ஆள் சேர்ப்பது உன் பொறுப்பு.

அம்மா ஸ்வெட்டர் போடச் சொன்னாள். ஆண்டவர் நீ கால் வைக்கிற மண்ணை உறுதியாக வைத்திருக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே, மழை வலுத்தால் மணிக்காகக் காத்திருக்காதே, அக்காவையும் இழுத்துக்கொண்டு ஏறு, ஏறிய பிறகு போன் பண்ணு. அதுவரை மைசூரில் எந்தக் கோயில் மணி அடித்தாலும் நான் எழுந்து நின்றுகொண்டுதான் இருப்பேன்.

உன் அப்பா,
கொர்னேலியஸ்