நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு

லண்டன், 3.5.1991

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். பழுகாமத்தில் உங்கள் எல்லோரையும் கண்ணகை அம்மன் காப்பாள் என்று நம்புகிறேன்.

நான் வேலை செய்யும் கந்தோரில் ஒரு கணினி இருக்கிறது. கடிதத்தின் சொற்களை எண்ணி அதை ஒரு கோடாக்கும். இரண்டு கோடுகளின் கோணத்தைப் பார்த்து, கடிதங்கள் எவ்வளவு ஒத்தவை என்று சொல்லும். விளையாட்டாக உங்கள் பங்குனி, சித்திரைக் கடிதங்களை ஆங்கிலமாக்கிக் கொடுத்தேன். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு ஒற்றுமையாம். அதைப் பழக்கிய கலாநிதிப் பட்டக்காரன், ஒன்றை எறிந்துவிடலாம் என்றான். எண்ணத் தெரிந்த எருமைக்கு வாசிக்கத் தெரியவில்லை.

பங்குனியில், "அண்ணன் வயல் வட்டையில வேளாண்மை வெட்டுறான்" என்று எழுதியிருந்தீர்கள். சித்திரையில் அண்ணனைப் பற்றிய வரி மட்டும் இல்லை.

தபாற்கந்தோர் பூட்டப் போகிறது. கொஞ்சம் கருவாடு அனுப்புங்கள். பொதியின்மேல் விலாசத்தை அண்ணனே தன் கையால் எழுதட்டும்.

உங்கள் மகள்,
வசந்தாதேவி