அளந்த பிறகுதான் ஓடினாய்

நேற்று மழை விட்டதும் சமையலறை ஜன்னலைத் திறந்தேன். நனைந்த மரத்தூள் வாசனை உள்ளே வந்தது. புக்கிட் காதிலில் என் மகன் வீட்டுக்குப் பின்னால் மேசை நாற்காலி செய்யும் பட்டறை ஒன்று இருக்கிறது. மற்றவர்களுக்கு அது பட்டறை வாசனை. எனக்கு நீ விழுந்து விழுந்து எழுந்த குழியின் வாசனை. அடுப்பில் பால் பொங்கி வழிவதுகூடத் தெரியாமல் நின்றுவிட்டேன்.

நீ போய் ஒரு மாதம் ஆகிறது. தமிழ் எழுத்து உனக்குப் படிக்க வராது. நீ இருந்தபோதும் நான் எழுதியதை உனக்கு வாசித்துத்தான் காட்டினேன். இதையும் அப்படியே கேட்டுக்கொள்.

காஜா பெராங்கில் உன் வீடும் எங்கள் வாடகை வீடும் அடுத்தடுத்து இருந்தன. பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து கலந்துவிட்ட உங்கள் செட்டிக் குடும்பத்தில் வீட்டுப் பேச்சு மலாய்தான். உன் அம்மா கெபாயாச் சட்டையும் சாரோங்கும் உடுத்தி, கொண்டையில் ஊசி செருகி மாரியம்மன் கோயிலுக்குப் போவார். என்னோடு விளையாடித்தான் தமிழ் உன் நாவில் ஏறியது, அதுவும் பாதிதான். பள்ளியில் உயரம் தாண்டுவதில் நீ முதலாவது, நான் எப்போதும் இரண்டாவது. அதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை. நீ தாண்டுவதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம் அல்லவா?

ஒரு மாலை கடலோரத் திடலில் ஒரு போலீஸ்காரர் மூங்கிலை ஊன்றிக் குறுக்குக் கம்புக்கு மேலே போனதைப் பார்த்தோம். நான் கூப்பிடக் கூப்பிட நீ வேலிக் கம்பியை விட்டு வரவில்லை. அந்த வாரமே மீன்பொறி கட்ட மூங்கில் விற்பவரிடம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து வந்து, கைப்பிடிக்குத் துணிப்பட்டை சுற்றினாய். அதைத் திடலுக்குக் கொண்டுபோவதுதான் பெரும்பாடு. முன்னால் உன் சைக்கிள், பின்னால் என் சைக்கிள், இருவர் தோளிலும் ஒரே மூங்கில். நீ திரும்பும்போது நானும் திரும்பாவிட்டால் இருவருமே சாக்கடைக்குள் போக வேண்டியதுதான்.

அந்தப் போலீஸ்காரர் மலாய்க்காரர். ஆண்கள் போட்டியில் அவர்தான் எப்போதும் முதலில் வருவார். தம் பயிற்சி முடிந்ததும் மரத்தூள் கொட்டிய குழியை உனக்கு விட்டுவிட்டு, புல்லில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார். உன் அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. கால் மேலே, தலை கீழே, அதுவும் ஆண்கள் நடுவில், இதற்கா பெண்ணைப் பெற்றேன் என்று மலாயில் புலம்புவார். மறுநாளும் மூங்கிலை எடுப்பாய்.

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருடம் திடல் முழுக்கக் கொடிகள். விழா விளையாட்டுகளில் ஒரு பெண் மூங்கில் ஊன்றித் தாண்டிக் காட்டினால் கூட்டம் ரசிக்கும் என்று யாரோ சொல்ல, உன்னைச் சேர்த்தார்கள். போட்டியாக அல்ல, வேடிக்கையாக. நீ ஓடத் தொடங்கும்போதே ஒலிபெருக்கியில் ஒருவர், இந்தப் பெண் மாப்பிள்ளை தேடிப் பறக்கிறாள் என்று மலாயிலும் தமிழிலும் சொன்னார். திடலே சிரித்தது. நீ தாண்டினாய். கை தட்டினார்கள். நீ குழியிலிருந்து எழுந்து தூளைத் தட்டிக்கொண்டு, அளவு நாடா வைத்திருந்தவரிடம் போய்க் கம்பின் உயரத்தைக் கேட்டாய். அவர் உன் முதுகில் தட்டி அனுப்பிவிட்டார்.

பிறகு மூவார், தம்பின், சிரம்பான் என்று ஊர் ஊராகக் கூப்பிட்டார்கள். ஓட்டப் பந்தயத்துக்கும் கயிறு இழுப்புக்கும் நடுவில் உன் முறை வரும். ஓர் ஊரில் சுருக்கு வைத்த பாவாடை கட்டிக்கொண்டு தாண்டச் சொன்னார்கள். நீயே தைத்த வெள்ளைக் கால்சட்டையோடுதான் போனாய். ஒவ்வொரு இடத்திலும் அளக்கச் சொன்னாய். ஒவ்வொரு இடத்திலும் சிரித்தார்கள். சிரம்பானிலிருந்து திரும்பும் பேருந்தில் நீ ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே சொன்னாய்:

"நான் சர்க்கஸ் இல்ல லா. அடுத்த தடவை அளக்கலன்னா ஓட மாட்டேன்."

கோபத்தில் சொல்கிறாய் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த தடவை நம் ஊரிலேயே வந்தது. அதே கடலோரத் திடல். காலையில் பெய்த மழையில் குழியின் தூள் கனத்துக் கிடந்தது. ஆண்கள் முறை முடிந்து போலீஸ்காரர் வழக்கம்போல் வென்றார். கம்பை உனக்காக இறக்கி வைத்தார்கள். உன் பெயரைக் கூடச் சொல்லாமல், அடுத்து நம் ஊர்ப் பெண்ணின் வேடிக்கை என்று ஒலிபெருக்கி அறிவித்தது. அன்றுதான் உன் அம்மா முதன்முறையாக வந்திருந்தார். பெண்கள் பக்கத்தில் ஓரமாக, குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நீ ஓடுபாதையின் முனையில் மூங்கிலை நிமிர்த்திப் பிடித்து நின்றாய். ஓடவில்லை.

முதலில் யாருக்கும் புரியவில்லை. கைதட்டி உற்சாகப்படுத்தினார்கள். பிறகு கைதட்டல் நின்றது. விழாப் பொறுப்பாளர் வேகமாக வந்தார். நம் தமிழர்தான், வெள்ளைக் கோட்டு போட்டவர். என்ன பிரச்சினை என்று கேட்டார். கம்பை அளந்து உயரத்தைச் சொல்லுங்கள், பிறகு ஓடுகிறேன் என்றாய்.

"பொம்பளைங்களுக்கு இந்தப் போட்டியே கிடையாதும்மா. இல்லாத போட்டிக்கு எதை அளக்கறது?"

"கம்பு இருக்கு. நான் இருக்கேன். அதை அளங்க."

உன் தமிழ் உடைந்திருந்தது. குரல் உடையவில்லை. அவர் மேடைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே பெரிய மனிதர்கள் கைக்கடிகாரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த ஓட்டத்துக்கு நின்ற பையன்கள் முணுமுணுத்தார்கள். கூட்டத்திலிருந்து ஒரு கடலைப் பொட்டலம் உன் காலடியில் வந்து விழுந்தது. கடற்காற்றில் மூங்கில் நுனி ஆடியது. உன் கை நரம்பெல்லாம் புடைத்திருப்பது நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. உன் பக்கத்தில் வந்து நிற்க நினைத்தேன், ஆனால் வரவில்லை.

அப்போது உன் அம்மா எழுந்தார். குடையை ஊன்றிக்கொண்டு, சாரோங்கைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு திடலுக்குள் நடந்து வந்தார். உன்னை இழுத்துப் போகத்தான் வருகிறார் என்று பயந்தேன். அவர் உன்னைப் பார்க்கவே இல்லை. நேராகப் பொறுப்பாளரிடம் போய், நேரமாகிறது, சீக்கிரம் அளந்துவிடுங்கள், இவள் வீட்டுக்கு வந்து சமைக்க வேண்டும் என்று மலாயில் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. போலீஸ்காரர் புல்லிலிருந்து எழுந்து வந்து, நாடாவைக் கேட்டு வாங்கி, தாமே கம்புக்குக் கீழே பிடித்தார். எட்டடி இரண்டு அங்குலம். உரக்கப் படித்தார்.

அதற்குப் பிறகுதான் உண்மையான பயம். அதுவரை நீ தவறினாலும் அது வேடிக்கைதான். இப்போது அளந்தாகிவிட்டது.

முதல் முறை உன் முழங்கால் பட்டுக் கம்பு விழுந்தது. இரண்டாம் முறை மூங்கில் ஊன்றும் பள்ளத்தில் சரியாகப் பதியாமல் வழுக்கியது. நீ கம்பைத் தொடாமல் இந்தப் பக்கமே இறங்கினாய். மூன்றாம் முறைக்கு முன் கையை மண்ணில் தேய்த்தாய். உன் அம்மா இன்னும் அங்கேயே நின்றிருந்தார், குடையை ஊன்றியபடி.

ஓடினாய். ஊன்றினாய். உடம்பு மேலே எழும்பி, ஒரு கணம் தலைகீழாய் நின்று, கம்புக்கு மேலே மடிந்து அந்தப் பக்கம் போனது. கம்பு நடுங்கியது. நடுங்கிக்கொண்டே இருந்தது. விழவில்லை. ஆனால் மழையில் இறுகிக் கிடந்த தூளை ஆண்கள் முறைக்குப் பிறகு யாரும் கிளறிவிடவில்லை. உன் வலக்கால் அதில் மடங்கிய சத்தம் எனக்குக் கேட்டது. அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கியில் உன் முழுப் பெயரையும் உயரத்தையும் சொன்னார்கள். வலியில் உதட்டைக் கடித்திருந்த நீ, அதைக் கேட்க, ஓடி வந்த எங்களையெல்லாம் கையால் அமர்த்தினாய்.

மறுநாள் பத்திரிகையில் ஆண்களின் முடிவுகள் மட்டும் வந்தன. உன் கணுக்கால் சரியாகக் கூடவில்லை. இருபத்தொரு வயதில் உன் தாண்டல் முடிந்தது. பிறகு கல்யாணம், பிள்ளைகள், ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் ஒரு துணிக்கடையில் தையல் வேலை. ஏன் காலைச் சாய்த்து நடக்கிறாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சைக்கிளில் விழுந்தேன் என்றாய். உன் பிள்ளைகளுக்கும் அதையே சொன்னாய். ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

"போதும் லா. இதுக்கு இன்னும் யாரும் சிரிக்க வேணாம்."

நானும் யாரிடமும் சொல்லவில்லை. அன்று அதைப் பார்த்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். உன் அம்மா, போலீஸ்காரர், வெள்ளைக் கோட்டுக்காரர். இப்போது நீ.

உன் காரியத்தன்று, பள்ளிக்கூடம் போகும் உன் சின்னப் பேத்தி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பாட்டிக்குச் சின்ன வயதில் என்ன சைக்கிள் விபத்து, எந்த ரோட்டில் என்று கேட்டாள். உன் பேச்சை மீறினேன். மூங்கில் தொடங்கி ஒலிபெருக்கி வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. எழுந்து, சுவரில் அந்த உயரம் எந்த இடம் வரும் என்று காட்டச் சொன்னாள். கதவு நிலைக்கு மேலே நான் கைகாட்டினேன். அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, குதிகாலைத் தூக்கிக் கையை நீட்டினாள்.

அவள் விரல் நுனிக்கும் நான் காட்டிய இடத்துக்கும் நடுவில் இன்னும் கொஞ்சம் சுவர் மிச்சம் இருந்தது. கண்ணை மூடினால் இப்போதும் அந்தக் கொஞ்சம் சுவரைத்தான் பார்க்கிறேன்.