கறுப்பு வயோலா

சின்னவளின் அம்மாவுக்கு,

இங்கே நான் சுகமாகத்தான் இருக்கிறேன். உன் முழங்கால் வலி குறைந்ததா? என் அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா?

போன வாரம் ஒரு வேடிக்கை நடந்தது. எங்கள் விடுதித் தோட்டத்தில் வயோலா என்றொரு பூச்செடி வைத்திருக்கிறோம். சின்னப் பூதான், நிறம் மட்டும் அடுப்புக்கரி. வாடிய பூவைக் கிள்ளிவிட்டால்தான் அடுத்த மொட்டு வரும். வெள்ளைத் தொட்டிகளில் இருந்ததைச் சரியாகவே கிள்ளினேன். பாத்தியில் மண்ணும் கறுப்பு, பூவும் கறுப்பு. அன்று மலர்ந்ததையெல்லாம் வாடியது என்று நினைத்துக் கிள்ளி, கூடை நிறைய மேஸ்திரியிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"ஏம்பா, பட்டப்பகல்ல கண்ணு தெரியலையா உனக்கு?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவைத்தேன். கிள்ளியதைத் திரும்ப ஒட்டவா முடியும்? தண்ணீர் விட்டுவிட்டுக் காத்திருக்கிறேன். மொட்டு வந்துவிட்டதா என்று பக்கத்தில் வேலை செய்பவரிடம்தான் கேட்டுக்கொள்கிறேன்.

அலமாரியில் அப்பாவின் பழைய மூக்குக்கண்ணாடி இருக்கும். யாராவது வந்தால் கொடுத்தனுப்பு. சின்னவளிடம் பென்சிலில் எழுத வேண்டாம் என்று சொல். நீயும் கொஞ்சம் பெரிய எழுத்தாக எழுது.

மேஸ்திரி கூப்பிடுகிறார். உன் போன கடிதத்தில் பாதிதான் படிக்க முடிந்தது. மீதியை இன்னொருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.